தின்ற பன்றிக்குக் காசில்லை

எல்டன் டெர்ப்ஸ்ட்ரா நல்ல மனுஷன் என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மாமனார் செத்தபோது துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் அவர் வீட்டிலிருந்துதான் சாப்பாடு வந்தது. எங்கள் தேவாலயச் சபையில் அவர் மூப்பர். மாவட்டக் குழுவின் ஐந்து உறுப்பினர்களில் ஒருவர். அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் இந்த மூலையில் முப்பது நாற்பது கொட்டகைகளில் நிற்கும் பன்றிகளுக்குச் சொந்தக்காரர். அதில் ஒரு கொட்டகை எங்களுடையது.

கொட்டகை எங்களுடையது என்றால் அதைக் கட்ட வாங்கிய கடனும் எங்களுடையது. கரண்ட் பில், தண்ணீர், ராத்திரி மின்விசிறி நின்றால் ஓடுவது, செத்ததை இழுத்துப் போடுவது, கழிவுக்குழியைக் காலி செய்வது எல்லாம் எங்கள் பாடு. பன்றியும் தீவனமும் எல்டனுடையவை. அவர் லாரியில் குட்டிகளை அனுப்புவார். என் புருஷன் வெர்லின் அவற்றை வளர்த்துப் பெரிதாக்கி லாரியில் ஏற்றிவிடுவான். கொட்டகையில் எத்தனை பன்றிக்கு இடமோ அதைக் கணக்குப் பண்ணி எங்களுக்குக் கூலி. அடுத்தவன் ஆட்டை வாரத்துக்கு வாங்கி வளர்க்கிறவனுக்குக்கூடக் குட்டியில் பங்கு உண்டு. எங்களுக்கு அதுவும் கிடையாது. ஆனால் அதில் எனக்கு அப்போது குறை இருந்ததில்லை. கூலி சொன்ன தேதிக்கு வந்துவிடும்.

கொரோனா வந்த அந்த வசந்தத்தில், டவுனில் இருந்த இறைச்சி ஆலையை மூடினார்கள். தோளோடு தோள் உரசி நின்று கறி வெட்டுகிற ஜனம். ஒருத்தன் இருமினால் வரிசையே படுத்துவிட்டது. ஆலை மூடியதும் எங்கள் கொட்டகைக்கு லாரி வருவது நின்றது. பன்றிக்கு இதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்குத் தின்றது, பருத்தது. திரும்பிப் படுக்க இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒன்றின் வாலை ஒன்று கடித்தது. சூடு ஏறினால் பன்றி தின்பது குறையும் என்று, கொட்டகைகளைப் பார்க்க எல்டன் வைத்திருந்த மேலாள் சொன்னபடி வெர்லின் கொட்டகையின் சூட்டை ஏற்றி வைத்தான். மத்தியானம் உள்ளே போய்விட்டு வந்தால் படியில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றாமல் அப்படியே இருப்பான்.

நான் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். பள்ளிக்கூடமும் மூடிவிட்டதால், என் பஸ்ஸில் பிள்ளைகளுக்குப் பதிலாக மதியச் சாப்பாட்டுப் பொட்டலங்கள். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஆலைக்காரர்கள் குடியிருக்கும் டிரெய்லர் வீடுகள் இருக்கிற தெருவுக்குப் போகும்போது ஹாரன் அடித்தால் பிள்ளைகள் ஓடி வருவார்கள். ஒருநாள் மரிசேலா வந்தாள். அவளுடைய இரண்டு பெண்களும் என் பஸ்ஸில் மூன்று வருஷமாக வருகிறவர்கள். அவள் புருஷன் ஹசிந்தோ நகரத்து ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாய் மாட்டிக் கிடந்தான். ஆலை சம்பளத்தை நிறுத்தியிருந்தது.

தள்ளி நின்றே பேசினாள். "ஜோலீன்க்கா, உங்க வீட்டுல பன்னிங்க லாரி வராம நிக்குதாமே. எங்களுக்கு ஒண்ணு விலைக்குத் தருவீங்களா? இந்தத் தெருவுல எட்டு வீடு. நாங்களே அறுத்துக்குவோம். அதானே எங்க வேலை."

வீட்டுக்கு வந்து வெர்லினிடம் சொன்னேன். அவன் எல்டனுக்குப் போன் போட்டான். எல்டன், "பார்ப்போம், பார்ப்போம், அவசரப்படாதே" என்றார். இரண்டாம் முறை போட்டபோது எடுக்கவில்லை. கொட்டகையில் அன்றைக்கும் மூன்று செத்துக் கிடந்தன. வெர்லின் சமையலறையில் நின்று என்னைப் பார்த்தான்.

"வரச் சொல்லு ஜோ."

"எல்டன் கேட்டா?"

"கேக்கட்டும். பசிக்குதுன்னு ஒருத்தி வந்து நிக்கறா. இங்க தீனி வேணாம் வேணாம்னு நாம சூடு போட்டுக்கிட்டு இருக்கோம். எனக்கு இது புரியல."

மரிசேலாவின் தம்பி வில்மர் இரண்டு பேரோடு வேனில் வந்தான். டிராக்டர் நிறுத்தும் ஷெட்டில் தார்ப்பாய் விரித்து, சங்கிலி கட்டி, மூன்றே பேர் சத்தமில்லாமல் வேலையை முடித்தார்கள். போகும்போது தரையைக் கழுவி, எங்களுக்கும் ஒரு தொடையை வைத்துவிட்டுப் போனார்கள். மரிசேலா கொடுத்தனுப்பிய பணத்தை வெர்லின் வாங்கவில்லை. "என் பன்னி இல்ல, நான் எப்படி வாங்குவேன்" என்று சொல்லிவிட்டான். பிறகு ஒன்றிரண்டு நாளைக்கு ஒருமுறை வேன் வந்தது. வேறு தெருக்காரர்களும் வந்தார்கள்.

ஊருக்குள் எதுவும் ஒளியாது. எல்டன் வந்தார். வண்டியை விட்டு இறங்கி, முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். கோபமாகக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

"வெர்லின், என் பன்னி எத்தனை போச்சு?"

"ஒரு இருபது இருக்கும். எப்படியும் சாகப்போறதுதானே எல்டன். நாலு பேர் வயித்துக்காவது போகட்டும்னு குடுத்தேன்."

"நல்ல மனசுதான். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா சாகறது வேற, காணாமப்போறது வேற தம்பி. கொன்னு மண்ணுல போட்ட பன்னிக்கு அரசாங்கம் தலைக்கு இவ்வளவுன்னு தருது. தின்ன பன்னிக்குக் காசில்ல. நீ இருபதைத் தூக்கிக் குடுத்தா அது என் பாக்கெட்டுலேர்ந்து போகுது."

நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். "அப்ப புழு தின்னாக் காசு, மனுஷன் தின்னாக் காசு இல்லையா?" என்றேன்.

எல்டன் சிரித்தார். "சட்டத்தை நான் எழுதல ஜோலீன். வாஷிங்டன்ல எழுதறான். எனக்கு மட்டும் பிடிச்சிருக்கா?" பிறகு வெர்லின் தோளில் தட்டினார். "அந்த இருபதை உன் கூலியில கழிச்சுக்கறேன். போலீஸ் கீலீஸ்னு நான் போகமாட்டேன். அடுத்த வாரம் கொட்டகையைக் காலி பண்ண ஆள் வருவாங்க."

காலி பண்ணுவது என்றால் என்ன என்று மேலாள் போனில் சொன்னான். மின்விசிறிகளை நிறுத்துவது. ஜன்னல் திரைகளை இறுக்கிக் கட்டுவது. ஹீட்டரைத் திறந்துவிட்டு நீராவி அடிப்பது. சில மணி நேரத்தில் முடிந்துவிடுமாம். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்களாம்.

வெர்லின் இருபது வருஷமாக, மின்விசிறி நின்றால் அடிக்கிற அலாரத்துக்குப் பயந்து போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவன். பனிப்புயலில் கரண்ட் போனால் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு ஓடுகிறவன். அவனிடம் விசிறியை நிறுத்து என்றார்கள்.

"என் கொட்டகையில அது நடக்காது" என்றான். அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை. "ஒவ்வொண்ணா நானே முடிச்சுக்கறேன். ஆளுங்களை அனுப்ப வேணாம்."

"ஆயிரத்துக்கு மேல இருக்கே வெர்லின்" என்றான் மேலாள்.

"எண்ணி வளர்த்தவன் நான். எனக்குத் தெரியும்."

நெற்றியில் வைத்து அழுத்தினால் ஒரே அடியில் விழவைக்கிற துப்பாக்கி ஒன்று உண்டு. எங்களிடம் ஒன்று இருந்தது. வில்மர் எங்கிருந்தோ இன்னும் இரண்டு கொண்டு வந்தான். அவனோடு ஆலைக்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, கூலியும் பேசவில்லை. நான் பலகை பிடித்துப் பன்றிகளை நடையில் ஓட்டிவிட்டேன். லாரி என்று நினைத்துக்கொண்டு அவை வந்தன. லாரிச் சரிவில் ஏறுவதற்கு அவற்றை வெர்லின் அவ்வளவு பொறுமையாகப் பழக்கியிருந்தான். முதல் நாள் சாயங்காலம் அவன் கை விரியவில்லை. விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். இரண்டாம் நாளும் செய்தார்கள், மூன்றாம் நாளும் செய்தார்கள். சாப்பிட உட்கார்ந்தபோது வில்மர் மட்டும் ஒரு வார்த்தை சொன்னான். "ஆலையில இதையேதான் செய்யறோம். ஆனா அங்க யாராவது தின்னுவாங்கன்னு தெரியும்."

பின்பக்கத்து நிலத்தில் மரத்தூள் பரப்பி, மேலே பன்றிகளைப் போட்டு, மறுபடி மரத்தூள் மூடி, நீள நீளமான மேடுகள். எங்கிருந்தெல்லாமோ கழுகுகள் வந்து இறங்கின. எல்டனின் மேலாள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனான். அது அரசாங்கத்துக்குக் காட்ட.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை சபை வாசலில், கார்களுக்குள் உட்கார்ந்தபடி நடந்தது. போதகர் ரேடியோவில் பேசினார். ஆமென் சொல்கிற இடத்தில் எல்லாரும் ஹாரன் அடிக்க வேண்டும். எல்டனின் வண்டி ஹாரன்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்டது. வெர்லின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான், ஹாரனைத் தொடவில்லை.

இடத்தைக் கணக்குப் பண்ணித்தான் கூலி என்றாலும், காலிக் கொட்டகைக்குக் கிடையாது. வங்கித் தவணை மட்டும் வந்தது. விவசாயிகளுக்கு நிவாரணம் என்று டிவியில் தினமும் சொல்கிறார்களே என்று நான் மாவட்ட விவசாய அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அங்கே பேசிய பெண் தன்மையானவள். என் கதையை முழுக்கக் கேட்டாள்.

"பன்னிங்க உங்க பேர்ல இருந்துச்சாங்க?"

"இல்ல. எங்க கொட்டகையில இருந்துச்சு."

"அப்ப நீங்க விண்ணப்பிக்க முடியாதுங்க. யாரோட சொத்தோ அவங்களுக்குத்தான்."

"அவருக்கு வந்துடுச்சா?"

"அடுத்தவங்க கணக்கை நான் சொல்லக்கூடாதுங்க." என்றாள். "உங்கள மாதிரி நெறைய பேர் கேக்கறாங்க. எனக்கும் சொல்ல வாய் வரல."

நான் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவருக்கு வந்துவிட்டது என்பதை எல்டனே பலசரக்குக் கடையில் வைத்துச் சொன்னார். ஒரு தடவை பன்றி வைத்திருந்ததற்காக, இன்னொரு தடவை பன்றியை அழித்ததற்காக. "இந்த வருஷம் தப்பிச்சோம், கடவுள் கிருபை" என்றார். என்னிடமே சொன்னார். மனசில் கள்ளமில்லாமல் சொன்னார்.

ஹசிந்தோ ஜூன் மாதம் செத்துப்போனான். ஆலை திறந்து, மரிசேலா வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். மூன்று மாத வாடகை பாக்கி.

இலையுதிர் காலத்தில், மாவட்டத்துக்கென்று வந்த நிவாரணப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று மாவட்டக் குழு கூட்டம் போட்டது. எங்கள் போதகர் எழுந்து, அதில் ஒரு பங்கை ஆலைக்காரர்களின் வாடகைக்குக் கொடுங்கள் என்று கேட்டார். மரிசேலாவும் இன்னும் சிலரும் பின்வரிசையில் இருந்தார்கள். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. அவளை வண்டியில் கொண்டுவந்து விட வந்தவள், உட்கார்ந்துவிட்டேன்.

எல்டன் தொண்டையைச் செருமினார். "எனக்கு அந்த ஜனங்க மேல பரிதாபம் உண்டு. ஆனா சும்மா பணம் குடுத்துப் பழக்கிட்டா அப்புறம் யாரு வேலைக்குப் போவாங்க? எங்கப்பா கடன் வாங்கிப் பண்ணையை வெச்சாரு. எங்களுக்கு யாரும் எதையும் தூக்கிக் குடுக்கல. அதனாலதான் இந்த மாவட்டம் நிமிந்து நிக்குது."

நிறையப் பேர் தலையாட்டினார்கள். நான் எழுந்தது எனக்கே தெரியாது.

"எல்டன், ஒரு கேள்வி."

"பொதுமக்கள் பேசற நேரம் முடிஞ்சிடுச்சு ஜோலீன்."

"சின்னக் கேள்விதான். எங்க கொட்டகையில செத்த பன்னிக்கு அரசாங்கம் உங்களுக்கு எவ்வளவு குடுத்துச்சு?"

அவர் முகம் சிவந்தது. "அது நஷ்டஈடு. சும்மா குடுத்தது இல்ல. நஷ்டம் வந்துச்சு, ஈடு கட்டுனாங்க."

"யாருக்கு நஷ்டம்? அத்தனையும் கையால கொன்னது என் புருஷன். அவன் கை இன்னும் நேரா நிமிரல. கடன் எங்களுது, நாத்தம் எங்களுது. நீங்க வண்டியை விட்டு இறங்கி வந்து கொட்டகைக்குள்ள எட்டிக்கூடப் பாக்கல. உனக்கு வந்தா நஷ்டஈடு, அவளுக்குப் போனா சோம்பேறித்தனமா? அவ புருஷன் உன் பன்னியைத்தான்யா வெட்டிக்கிட்டு நின்னான். அதுலதான் செத்தான். அவனுக்குத் தலைக்கு எவ்வளவு போட்டீங்க?"

மற்ற உறுப்பினர் ஒருவர் காகிதத்தைத் திருப்பினார். எங்களைப்போலவே எல்டனுக்குப் பன்றி வளர்க்கிறவர்கள் அங்கே ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் எங்கள் கதைதான். நான் அவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அவர்கள்மேல் வந்த கோபம், சத்தியமாகச் சொல்கிறேன், எல்டன்மேல் வந்ததைவிடப் பெரிது.

எல்டன் மெதுவாகத்தான் பேசினார். "நீ மனசு நொந்து பேசற. நான் அதைப் பெரிசா எடுத்துக்கல." பிறகு ஓட்டுக்கு விட்டார்கள். போதகரின் கோரிக்கைக்கு ஒரே ஒரு கை உயர்ந்தது. பணத்தில் பெரும்பகுதி நீதிமன்றக் கட்டடத்தின் வண்டி நிறுத்தத்தைச் சீர் செய்யவும், போலீஸுக்குப் புது வண்டிகள் வாங்கவும் போனது. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், அந்த நிறுத்தத்தில்தான் மரிசேலா என்னிடம், "எனக்காக உங்க பொழப்பைக் கெடுத்துக்கிட்டீங்களேக்கா" என்றாள்.

"உனக்காக இல்லடி. எனக்காகத்தான் கேட்டேன்" என்றேன். அது உண்மை.

பொழப்பு கெட்டதும் உண்மை. அடுத்த குட்டி எப்போது வரும் என்று வெர்லின் கேட்டதற்கு, மேலாள், "இப்போதைக்கு உங்க கொட்டகை திட்டத்துல இல்ல" என்றான். வெர்லின் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் கேட்டேன். "நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணுமா?"

"நீ பேசலன்னா நான் அங்க வந்து பேசியிருக்கணும்" என்றான். "எனக்குப் பேச வராது."

வங்கிக்காரனோடு உட்கார்ந்து, நிலத்தில் பாதியை விற்றோம். பின்பக்கத்து மேடுகள் இருந்த பாதி அது. வாங்கியவன் எல்டனுக்கு அக்காள் மகன். வெர்லின் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். எங்கள் ஜனத்தில் சொந்தக் கொட்டகை வைத்திருந்தவன் கறி வெட்டப் போவது கேவலம். கடையில் சிலர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். வில்மர்தான் அவனுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான். இருவரும் ஒரே வண்டியில் போய்வந்தார்கள்.

பன்றிகளைக் கொன்று ஒன்றரை வருஷம் கழித்து, கூலிக்கு வளர்க்கிறவர்களுக்கும் நிவாரணம் உண்டு என்று அறிவித்தார்கள். அதே பெண் அலுவலகத்திலிருந்து தானே கூப்பிட்டுச் சொன்னாள். வந்தது. விற்ற நிலத்தைத் திரும்ப வாங்க அது போதாது. வெர்லினின் மணிக்கட்டுக்கு ஆபரேஷன் செய்தோம். மரிசேலாவின் வாடகை பாக்கியைக் கட்ட நான் கொஞ்சம் கொண்டுபோனேன். அவள் அதை எப்போதோ கட்டி முடித்திருந்தாள். காபி போட்டுக் கொடுத்து, பணத்தைத் திருப்பி என் பையில் வைத்தாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் எல்டன் மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். பன்றி விலை ஏறியிருந்தது. அவருக்கு இடம் போதவில்லை. சமையலறை மேஜையில் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"நடந்தது நடந்துபோச்சு. எல்லாருக்கும் கெட்ட வருஷம். உன்னை மாதிரி வளக்கறவன் எனக்குக் கெடைக்கல வெர்லின். வசந்தத்துல குட்டி அனுப்பறேன். கூலியையும் கொஞ்சம் ஏத்தித் தரேன்."

நான் வாயைத் திறக்குமுன் வெர்லின் கேட்டான். "மறுபடி இப்படி ஒண்ணு வந்து, அரசாங்கம் பணம் குடுத்தா, எனக்குப் பாதி உண்டா?"

"அதெப்படி? பன்னி என்னுது இல்லையா?"

"விசிறியை நிறுத்தச் சொல்லமாட்டேன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

எல்டன் என்னைப் பார்த்தார். இதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது என்று நினைத்தார் போலிருக்கிறது. "அப்படியெல்லாம் யாரும் எழுதமாட்டாங்க. எனக்கு மேல இருக்கறவன் சொன்னா நான் என்ன செய்வேன்?"

"சரி" என்றான் வெர்லின். "அப்ப கொட்டகை காலியாவே இருக்கட்டும். எனக்கு வேலைக்கு நேரமாச்சு எல்டன்."

எழுந்து மேல்கோட்டை மாட்டிக்கொண்டான். எல்டன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். கடன் இருக்கிறவன் முடியாது என்று சொல்லி அவர் கேட்டதில்லை. பிறகு அவரும் எழுந்து போனார். அடுத்த தேர்தலில் அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. நிற்கிறாயா என்று போதகர் என்னைக் கேட்டார். எனக்கு யார் ஓட்டுப் போடுவார்கள் என்று கேட்டேன்.

சபைக்கு நான் இன்னும் போகிறேன். நான் ஏன் போகாமல் இருக்கவேண்டும்? காணிக்கைத் தட்டை எங்கள் வரிசைக்குக் கொண்டுவருவது எல்டன்தான். நான் தலையை நிமிர்த்தி அவர் முகத்தையே பார்க்கிறேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், நான் அதை அடுத்த ஆளுக்கு நகர்த்தும்வரை.